ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம்

பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது.
எங்களுக்கே ரொம்ப நாள் தெரியாமல்தான் இருந்தது.
ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே
கேசட் பதிந்து கொடுத்த கடைக்காரர்
பச்சை மையில் எழுதியிருந்தார்:
'இங்கிலீஷ், மெதுவு, 3'.
ஒன்றையும் இரண்டையும் யார் வாங்கிப்போனார்களோ.
நாங்கள் அந்தக் குழுவை
மெதுவு மூணு என்றே கூப்பிட்டோம்.

நான்கு பேர். கேசட் ஒன்று.
திங்கள் முதல் புதன் வரை மைதீன் பிச்சையிடம்,
மேலப்பாளையத்தில், சத்தம் குறைத்து.
வியாழன் வெள்ளி கிரேஸ் தவமணியிடம்,
நர்சிங் விடுதியில், தலையணைக்கு அடியில்.
சனி எனக்கு.
ஞாயிறு ஆழ்வாரப்பனுக்கு.
மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் கையால்
சிக்கின நாடாவையும் சுற்றித் தருவார்,
பென்சில் விட்டு.

உரக்கப் பாடமாட்டார்கள் அவர்கள்.
கிடார்கூட
உறங்குகிற பிள்ளையைத் தாண்டுகிற மாதிரிதான் தாண்டும்.
டிரம்ஸ்காரனுக்குக் கோபமே வராதா என்பாள் கிரேஸ்.
அக்கினி நட்சத்திரத்தில்
அந்த அளவுக்குத்தான் எங்களுக்கும் தாங்கியது.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு
நாற்பது நொடியில் நின்றுபோகும்.
பாட்டு முடிந்து அல்ல, நாடா முடிந்து.
ஒரு வீட்டைப் பற்றி ஆரம்பிப்பான்.
மழை வரும். யாரோ படியிறங்கிப் போவார்கள்.
அவன் மூச்சை இழுத்து
'ரி' என்பான்.
டக்.
பட்டன் எழும்பிவிடும்.

ரிட்டர்ன், என்றாள் கிரேஸ்; திரும்பி வா என்கிறான்.
ரிமெம்பர்தான், சந்தேகமே இல்லை, என்றார் மைதீன்.
ரிவர் என்றார் ஆழ்வாரப்பன்,
குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகிறவர் வேறு என்ன சொல்வார்.
நான் சொல்லவில்லை.
இன்சூரன்ஸ் ஆபீசில் அப்போது எனக்கு வந்த ஒரே சொல்
ரிசைன்.

இப்போது
ஆழ்வாரப்பனின் மருமகன் எங்கிருந்தோ தேடி
ஒன்பது இசைத்தட்டும் அனுப்பியிருக்கிறான்.
சமாதானபுரத்தில் பட்டறை மாடி.
மாதம் ஒரு ஞாயிறு, ஒரு தட்டு, வரிசைப்படி.
முதல் நாலில் எங்களுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை.
நன்றாகத்தான் இருந்தது,
அடுத்த தெருக் கல்யாணத்தில் சாப்பிட்ட மாதிரி.

ஐந்தாவது நம்முடையது.
மூன்றாம் பாட்டின் நடுவில் எல்லோரும் கிரேஸைப் பார்த்தோம்.
தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அமுக்கி
விடுதி வார்டன் குரல் பதிந்த இடம் அது:
'ஏளா தவமணி, லைட்ட அணை.'
தட்டில் வார்டன் இல்லை.
அங்கே ஒரு பியானோ இருந்திருக்கிறது,
இத்தனை வருடமாக அவளுக்கு அடியில்.

பிறகு கடைசிப் பாட்டு.
மைதீன் காதுக்கருவியைத் திருகிக்கொண்டார்.
வீடு. மழை. படி.
மூச்சு.

'ரிப்பேர்.'

கூரை ஒழுகுகிறதாம்.
நாளைக்கு ஏணி கடன் வாங்கி
ரிப்பேர் பண்ணப் போகிறானாம்.
போனவள் பாட்டுக்குப் போகட்டும், கூரை கூரைதானே என்று
இன்னும் மூன்று நிமிடம் பாடுகிறான், அதே குரலில், சாவகாசமாக.

யாரும் பேசவில்லை.
கீழே ஒரு மிக்சிக்காரர் ஷட்டரைத் தட்டினார்.

'சவத்த, நாப்பத்திநாலு வருசம்,'
என்றார் ஆழ்வாரப்பன்.
'நான் பாத்த சோலி, எனக்குத் தெரியலையேவே.'
சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
விரல் நுனியால் மேசையில்
கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

மைதீன் எழுந்து முள்ளைத் தூக்கிப்
பழையபடி வைத்தார்.
'ரி' வந்ததும் எடுத்துவிட்டார்.
இன்னொரு முறை.
எடுத்துவிட்டார்.
'ஓடட்டும் விடும்வே' என்றாள் கிரேஸ்,
'அந்த ஆளு ஏணி வாங்கினாரான்னு தெரியணும்.'

மேலப்பாளையம் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.
ஆறாவது தட்டை அடுத்த மாதம் போடணும்.
அதில் டிரம்ஸ்காரன் கிடையாதாம், அட்டையில் பெயரில்லை.
கோபம் வந்துவிட்டது போல,
கடைசியில்.